ஊர் தெரிந்து குடிபுகுதல்

வீடு மாறுதல் என்பது பெட்டி படுக்கைகளை ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் வேலை மாத்திரம் அன்று. ஒரு குடும்பம் குடிக்கும் நீர், பிள்ளை படிக்கும் பாடசாலை, பாட்டி தொழும் கோயில், தந்தை வீடு திரும்பும் நேரம், நோய் கண்ட இரவில் ஓடிச் செல்லும் வைத்தியசாலை ஆகிய யாவும் அதனோடு மாறிவிடுகின்றன. ஆயினும், கொழும்பு மாநகரை விட்டுப் புறநகருக்குச் செல்லும் குடும்பங்களிற் பல, வீட்டைப் பார்த்த பின்னரே ஊரைப் பார்க்கின்றன. சுவரின் வண்ணமும் கூடத்தின் விசாலமும் கண்ணைக் கவர, முற்பணத்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின் பஸ் எங்கே, பாடசாலை எங்கே, மழைநீர் எங்கே வடிகின்றது என்று விசாரிக்கத் தொடங்குகின்றன. முதலில் ஊர், அடுத்துத் தெரு, அதற்கும் அடுத்தே வீடு என்பதே முறையாகும். வீட்டிலுள்ள குறையைக் கொத்தனாரைக் கொண்டு திருத்தலாம். ஊரிலுள்ள குறையைத் திருத்த ஒரு குடும்பத்தால் இயலாது.

நகரை விட்டு மக்கள் வெளியேறுதல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கன்று. எனினும் அதன் வேகத்தைக் குடிசனக் கணக்கெடுப்புகள் நன்கு காட்டுகின்றன. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் மாவட்டங்களுள் மக்கள்தொகையால் முதலிடம் பெற்றது கொழும்பு. 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சுமார் 24 இலட்சம் மக்களுடன் கம்பஹா மாவட்டம் அவ்விடத்தைப் பெற்றுவிட்டது. வத்தளை, களனி, கடவத்தை, ராகமை, ஜா-எல, நீர்கொழும்பு ஆகிய ஊர்கள் யாவும் அம்மாவட்டத்தில் அமைந்தவை என்பது கருதத்தக்கது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இரண்டு அறை கொண்ட தொடர்மாடி வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில், சற்றுத் தொலைவில் முற்றமும் கிணறும் மாமரமும் உள்ள தனிவீடு கிடைக்கும் என்ற எண்ணமே பலரை வெளியே இழுக்கின்றது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற பழமொழியை எடுத்துக்காட்டாத குடும்பத் தலைவர் அரியர்.

கொழும்பின் புறநகர்கள் மனம்போன போக்கில் விரிந்தவை அல்ல. பாதைகளைப் பற்றிக்கொண்டு, கைவிரல்கள் போல அவை நீண்டு வளர்ந்தன. அவ்விரல்களை அறிந்தவர்க்கே எந்த ஊர் எதனோடு தொடர்புடையது என்பது விளங்கும்.

முதலாவது, தெற்கு நோக்கிய கரையோர விரல். கரையோரப் புகையிரதப் பாதை 1877 இல் மொறட்டுவையையும் 1894 இல் காலியையும் அடைந்தது. தெகிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை, பாணந்துறை ஆகியன இப்பாதையிலும், இதற்கு அணித்தாகச் செல்லும் காலி வீதியிலும் கோத்த மணிகள் போல அமைந்துள்ளன. வெள்ளவத்தையில் வாழ்ந்து பழகிய தமிழ்க் குடும்பத்துக்குத் தெகிவளை புதிய ஊராகத் தோன்றாது. இரண்டுக்கும் இடையே உள்ள எல்லை ஒரு கால்வாயே. ஆயின் அதே காரணத்தால் அங்கே காணியின் விலையும் வாடகையும் மாநகரத்தை ஒட்டியே நிற்கும்.

இரண்டாவது, தென்கிழக்கு நோக்கிய விரல். கிருலப்பனை, நுகேகொடை, மஹரகம, பன்னிப்பிட்டி, கொட்டாவ, ஹோமாகம என்று ஹைலெவல் வீதி வழியே இது நீள்கின்றது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதையும் இவ்வழியே செல்கின்றது. தோட்டங்களின் விளைபொருளைக் கொண்டுவரும் பொருட்டு 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒடுங்கிய பாதையாக அமைக்கப்பெற்று, 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது அது. தோட்டப் பாதையாகப் பிறந்தமையால் வளைவுகள் மிகுதி. ஒற்றைத் தண்டவாளமாதலின் ஒரு வண்டி வரும்வரை மற்றொன்று நிலையத்திற் காத்து நிற்கும். ஆகவே நிலையம் அருகே இருக்கின்றது என்ற ஒன்றைக் கொண்டு மகிழ்ந்துவிடாமல், வண்டிகள் எத்தனை, அவை எடுக்கும் நேரம் எவ்வளவு என்பவற்றை அறிதல் வேண்டும்.

மூன்றாவது, கிழக்கு நோக்கிய விரல். இராஜகிரிய, கோட்டை, பத்தரமுல்லை, மாலபே, கடுவெல என்பன இதில் அடங்கும். 1982 இல் பாராளுமன்றம் கோட்டைக்கு இடம்பெயர்ந்தமையும், அமைச்சுகளும் திணைக்களங்களும் பத்தரமுல்லையை நாடிச் சென்றமையும் இப்பகுதியின் தோற்றத்தை மாற்றின. இங்குப் புகையிரதம் இல்லை. பஸ்ஸும் சொந்த வாகனமுமே கதி. ஆயினும் பத்தரமுல்லையில் உத்தியோகம் பார்ப்பவர்க்குப் புறக்கோட்டை நோக்கிய நெரிசல் ஒரு பொருட்டன்று. கந்தோர் எங்கே இருக்கின்றதோ அதுவே அவரவர்க்கு நகரத்தின் நடுவிடம் என்று கொள்ளல் வேண்டும்.

நான்காவது, வடகிழக்கும் வடக்கும் நோக்கிய இரட்டை விரல்கள். 1865 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை திறக்கப்பட்ட, நாட்டின் மிகப் பழைய புகையிரதப் பாதை, களனி, ராகமை, கணேமுல்லை, கம்பஹா வழியே செல்கின்றது. ராகமையில் ஒரு கிளை பிரிந்து கந்தானை, ஜா-எல, சீதுவை, நீர்கொழும்பு என்று புத்தளம் நோக்கிப் போகின்றது. நீர்கொழும்பு வீதியோ பேலியகொடை, வத்தளை, மாபோலை, கந்தானை வழியே அதே திசையிற் செல்கின்றது. யாழ்ப்பாணத்துக்குப் புத்தளம் மார்க்கமாகப் புறப்படும் இரவு பஸ்கள் இவ்வீதியால் செல்வதும், வடபகுதிப் புகைவண்டிகள் ராகமையைக் கடந்தே போவதும், வடக்கிலே பெற்றோரும் சகோதரரும் உள்ள குடும்பங்கள் இத்திசையை விரும்புவதற்குரிய காரணங்களுள் அடங்கும்.

பிற்காலத்தில் அதிவேக நெடுஞ்சாலைகள் இவ்விரல்களைக் குறுக்காக இணைத்தன. கட்டுநாயக்க நெடுஞ்சாலை 2013 இலும், கொட்டாவ முதல் கடுவெல, கடவத்தை வழியாகக் கெரவலப்பிட்டி வரையான வெளிச்சுற்று நெடுஞ்சாலை 2014 முதல் 2019 வரை பகுதி பகுதியாகவும் திறக்கப்பட்டன. சொந்த வாகனம் உடையோர்க்கு இவை பெரும் பயன் தரும். ஆயின், நெடுஞ்சாலையின் வாயில் வரை விரைந்து வந்த வாகனம், நகருக்குள் நுழைந்ததும் மற்றெல்லா வாகனங்களோடும் வரிசையில் நிற்றல் வேண்டும் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இங்குத் தூரத்தை எங்ஙனம் அளப்பது என்ற வினா எழுகின்றது. வத்தளை கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து சுமார் 10 கிலோமீற்றர். ராகமை சுமார் 15. மொறட்டுவை சுமார் 18. பாணந்துறையும் கம்பஹாவும் ஏறத்தாழ 27. ஆனால் நாள்தோறும் போய்வருபவருக்குக் கிலோமீற்றரால் ஆவது சிறிது. மணிக் கணக்கே கணக்கு. பத்துக் கிலோமீற்றரில் உள்ள ஊரிலிருந்து பஸ்ஸில் வருபவர், இருபத்தேழு கிலோமீற்றரில் உள்ள ஊரிலிருந்து விரைவுப் புகைவண்டியில் வருபவருக்குப் பின்னர் கந்தோர் சேரும் நாள்களும் உண்டு. வீட்டு வாயிலிலிருந்து நிலையத்துக்கு நடக்கும் நேரம், வண்டிக்குக் காத்திருக்கும் நேரம், பயண நேரம், இறங்கிய பின் கந்தோர் சேரும் நேரம் ஆகிய நான்கையும் கூட்டிப் பார்த்தலே உண்மையான அளவு.

அவ்வளவின் பெறுமதியை ஒரு சிறு கணக்கால் உணரலாம். இடமாற்றத்தால் போகும் வழியில் 45 நிமிடமும் திரும்பும் வழியில் 45 நிமிடமும் மேலதிகமாகச் செலவாகின்றன என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஒன்றரை மணி. ஐந்து நாள் கொண்ட வாரத்துக்கு ஏழரை மணி. ஆண்டுக்கு 48 வாரம் எனக் கொள்ளின் 360 மணி. அதாவது இரவும் பகலும் சேர்ந்த முழு நாள் பதினைந்து. பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைத் தந்தை திறந்து பார்க்கும் நேரம் அது. தாய் சற்று இளைப்பாறும் நேரமும் அதுவே. அதனை விற்று வாடகையில் எவ்வளவு மிச்சம் பிடிக்கப்படுகின்றது என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இதனைச் சோதித்தறியும் வழி எளிது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடு பார்க்கச் செல்லுதல் எல்லோர்க்கும் வழக்கம். அன்று வீதி வெறிதாய்க் கிடக்கும். வீட்டுத் தரகர் 'இருபது நிமிடம்' என்பார். அது மெய்யாகவே இருபது நிமிடமாயிருக்கும். முற்பணம் கொடுக்குமுன், பாடசாலைத் தவணை நடக்கும் காலத்தில், மழை பெய்யும் திங்கட்கிழமை காலையில், அவ்வீட்டு வாயிலிலிருந்து கந்தோர் வரை ஒருமுறை போய்ப் பார்த்தல் வேண்டும். மாலை ஆறு மணிக்குத் திரும்பியும் பார்த்தல் வேண்டும். வேலைக்குச் செல்லும் மகளோ மனைவியோ இரவு எட்டு மணிக்குப் பஸ்ஸை விட்டிறங்கி வீடு வரும் ஒழுங்கையில் வெளிச்சம் உண்டா, கடை திறந்திருக்குமா என்பதையும் அவ்வேளையிலேயே கண்டுகொள்ளலாம்.

தமிழ்க் குடும்பத்தைப் பொறுத்த வரையில், பயணத்தினும் பெரிய வினா ஒன்று உண்டு. அது பிள்ளைகளின் கல்வி மொழி. கொழும்பு மாநகருள் கொட்டாஞ்சேனை விவேகானந்தா கல்லூரி, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, வெள்ளவத்தை சைவ மங்கையர் வித்தியாலயம் எனத் தமிழ்மொழிப் பாடசாலைகள் நெருங்கி அமைந்துள்ளன. நகரெல்லை தாண்டியதும் அவை அருகிவிடுகின்றன. தெற்கே இரத்மலானை இந்துக் கல்லூரியும், வடக்கே நீர்கொழும்பு விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரியும் பலரும் அறிந்தவை. இடைப்பட்ட ஊர்களில் உள்ளவை எவை, எந்த வகுப்பு வரை உள்ளன, உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் கற்பிக்கப்படுகின்றனவா என்பவற்றை நேரிற் சென்று அதிபரிடம் கேட்டறிதல் வேண்டும். 'பக்கத்திலே பள்ளிக்கூடம் இருக்கிறது' என்று சொல்லும் அயலவர், அது எம்மொழிப் பள்ளிக்கூடம் என்று சொல்ல மறந்துவிடுவதுண்டு.

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கவேண்டிய குடும்பம் இன்னும் கருத்தாயிருத்தல் தகும். அரசாங்கப் பாடசாலை அனுமதிக்குக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் அறிவுறுத்தல் வெளியிடும். நெடுங்காலமாக அவ்விதிகளில் ஏறத்தாழ அரைப்பங்கு இடங்கள், பாடசாலைக்கு அண்மையில் வதிவோரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. வதிவை மெய்ப்பிக்க முதன்மையாகக் கேட்கப்படுவது வாக்காளர் இடாப்பு. அதிலும் விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்தாண்டுப் பதிவு முழுப் புள்ளி பெறுதற்கு வேண்டப்படுவது. வீட்டுக்கும் விண்ணப்பித்த பாடசாலைக்கும் இடையே பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலைகள் இருப்பின், அவற்றுக்காகப் புள்ளி கழிக்கப்படுவதும் உண்டு. ஆகவே பிள்ளைக்கு நான்கு வயதானபோது குடிபெயரும் குடும்பம், பழைய ஊரின் உரிமையை இழந்து புதிய ஊரின் உரிமையைப் பெறாது நடுவே நிற்க நேரலாம். பிள்ளை கைக்குழந்தையாய் இருக்கும்போதே குடிபுகுந்து, முதல் ஆண்டிலேயே கிராம உத்தியோகத்தரைக் கண்டு பெயரைப் பதிந்துகொள்வதே விவேகம். மாறாக, மூத்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை நெருங்கியிருப்பின், அது முடியும்வரை பொறுத்திருத்தல் நன்று. ஓராண்டு வாடகை, ஓர் ஆயுட்காலப் பரீட்சைப் பெறுபேற்றினும் பெரிதன்று.

பிள்ளையைப் பழைய நகரப் பாடசாலையிலேயே வைத்திருக்க எண்ணுவோர், பாடசாலை வான் புறப்படும் நேரத்தை அறிதல் வேண்டும். காலை ஏழரை மணிக்குத் தொடங்கும் பாடசாலைக்கு ஐந்தரை மணிக்கே எழுந்து வானில் ஏறும் ஏழு வயதுப் பிள்ளை, வகுப்பில் தூங்கினால் அதனைக் கண்டித்துப் பயனில்லை.

அடுத்து நிலமும் நீரும். மேற்கிலங்கையின் இப்பகுதி தாழ்ந்த நிலம். வடக்கே களனி ஆறு. தெற்கே பொல்கொடை ஏரியும் வெரஸ் கங்கையும். கிழக்கே தியவன்னாவைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள். களனி ஆற்றின் வாய்க்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே முத்துராஜவெல. கொழும்பு மாநகர் 2018 இல் ராம்சார் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது இச்சதுப்புகளின் பெருமையினாலேயாம். மழைநீரை உறிஞ்சித் தேக்கி மெல்ல விடும் இயற்கைத் தொட்டிகள் அவை. அத்தொட்டியை மண்ணிட்டு நிரப்பி அதன்மேல் வீடு கட்டினால், நீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும் என்பதில் வியப்பில்லை.

2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலப் பகுதிகளில் வீடுகள் பல நாள் நீரில் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி கொணர்ந்த பெருமழையிலும் களனியின் கீழ்நிலங்கள் மீண்டும் வெள்ளத்தைக் கண்டன. ஆற்றின் கரையில் மாநகரைக் காக்கும் தடுப்பணை உண்டு. ஆனால் அணையின் உட்புறத்தில் வீடு இருப்பது ஒன்று. அணைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருப்பது முற்றும் வேறு. ஒரே ஊர்ப்பெயர் கொண்ட இரு ஒழுங்கைகளுள் ஒன்று காய்ந்திருக்க மற்றொன்று மூழ்குவதும் இயல்பே. எனவே 'வத்தளையில் வெள்ளம் வருமா?' என்று கேட்பது பயனற்ற கேள்வி. 'இந்த ஒழுங்கையில், இந்த வளவில், 2016 இல் நீர் எவ்வளவு உயர்ந்தது?' என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. அதனை விற்பவரிடம் கேளாமல், ஒழுங்கை முகப்பிலுள்ள கடைக்காரரிடமும் நீண்டகாலம் குடியிருக்கும் முதியவரிடமும் கேட்டல் வேண்டும். சுவரின் அடியில் புதிதாக வண்ணம் பூசப்பட்டிருப்பின், அதன் காரணத்தையும் விசாரித்தல் தகும்.

தெற்கே கடலோடு ஒட்டிய நிலத்துக்கு வேறு வகை எச்சரிக்கை வேண்டும். மொறட்டுவையிலும் பாணந்துறையிலும் புகையிரதப் பாதைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குடியிருப்புகள் 2004 டிசம்பர் 26 ஆம் தேதி ஆழிப்பேரலையால் அழிவுற்றன. அலை வாராத நாளிலும் உப்புக்காற்று யன்னற் கம்பியையும் கூரைத் தகரத்தையும் அரித்துக்கொண்டேயிருக்கும்.

குடிநீரும் ஆராயத்தக்கது. கொழும்பு நகருக்கு 1886 முதல் லபுகமை நீர்த்தேக்கம் நீர் வழங்கி வருகின்றது. பின்னர் கலட்டுவாவை நீர்த்தேக்கமும் களனி ஆற்றினின்று நீரெடுக்கும் அம்பத்தளை நிலையமும் சேர்ந்தன. கடும் வரட்சியில் கடல்நீர் ஆற்றினுள் மேலேறி அம்பத்தளையை அணுகுவதும், மணல் மூட்டைகளால் தற்காலிகத் தடை அமைத்து அதனைத் தடுப்பதும் நிகழ்ந்துள்ளன. ஆகவே குழாய் இருந்தால் மாத்திரம் போதாது. மேட்டு நிலத்து வீட்டில் மாலையில் நீர் ஏறுகின்றதா, கிணறு உண்டா, அந்நீர் உவரா என்று பார்த்தல் வேண்டும். கடலுக்கும் சதுப்புக்கும் நடுவே உள்ள நிலத்தில் கிணற்றுநீர் பழுப்பேறியோ உவர்த்தோ இருத்தல் கூடும். அதேபோல, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைச் சிறிய வளவில் வீடு வாங்குவோர் மறத்தல் ஆகாது. அயல்வீட்டின் குழி மதிலுக்கு அப்பால் இருப்பினும், நிலத்தடி நீர் மதிலை மதிப்பதில்லை.

குப்பை அகற்றுதல் உள்ளூராட்சியின் பொறுப்பு. அது அற்ப விடயம் என்று எண்ணுவோர்க்கு 2017 ஏப்ரல் 14 ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தமை போதிய படிப்பினையாகும். குடிபுகும் ஊரின் குப்பை எங்கே கொட்டப்படுகின்றது, வீட்டிலிருந்து அவ்விடம் எத்துணைத் தூரம், வாரத்தில் எத்தனை நாள் வண்டி வருகின்றது என்பவற்றைக் கேட்டறிதல் அவசியம். ஒரே வீதியின் இருபுறத்தையும் இரண்டு உள்ளூராட்சி மன்றங்கள் ஆள்வதுண்டு. வீடு மாநகர சபைக்கு உட்பட்டதா, நகர சபைக்கா, பிரதேச சபைக்கா என்பதைப் பொறுத்து வரியும் வசதியும் வேறுபடும்.

காணியோ வீடோ விலைக்கு வாங்குவோர் சட்டத்தையும் சற்று அறிதல் வேண்டும். தம் சொந்த நொத்தாரிசைக் கொண்டு, காணிப் பதிவகத்தில் உறுதியின் பின்வரலாற்றைத் தேடுவித்தல் முதற்படி. நில அளவைப் படத்தில் உள்ள எல்லையும் நிலத்தில் உள்ள வேலியும் ஒத்திருக்கின்றனவா என்று அளவையாளரைக் கொண்டு பார்த்தல் அடுத்தபடி. கட்டடத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற வரைபடமும், கட்டி முடித்தபின் பெற்ற இணக்கச் சான்றும் உண்டா என்று கேட்டல் வேண்டும். வங்கிக் கடன் பெறவும் இவை வேண்டப்படும். வளவு முன்னர் வயலாயிருந்ததெனின், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அதனை நிரப்ப உத்தரவு பெறப்பட்டதா என்று ஆராய்தல் தகும். பத்துப் பேர்ச்சஸ் காணி பிறவிடத்திலும் பாதி விலைக்குக் கிடைக்கின்றதெனின், மீதிப் பாதியை மழைக்காலம் வசூலித்துக்கொள்ளும் என்று ஐயுறுதல் தவறாகாது.

வாங்குமுன் ஓராண்டு அவ்வூரிலே வாடகைக்கு இருந்து பார்ப்பது மிக நல்ல உபாயம். ஒரு வடகீழ்ப் பருவமும் ஒரு தென்மேற்குப் பருவமும் கண்டபின் ஊரின் குணம் வெளிப்பட்டுவிடும். வாடகைக்கு வீடு வாங்குவோரும் ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுதல் வேண்டும். முற்பணம் திரும்பும் விதம், திருத்த வேலை யார் பொறுப்பு, வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய வீட்டுக்காரர் இசைவாரா என்ற மூன்றும் அதில் தெளிவாகுதல் நலம்.

இனி, வாய்விட்டுச் சொல்லப்படாது மனத்துள் நிற்கும் ஒரு வினாவுக்கு வருதல் வேண்டும். தமிழ்க் குடும்பம் ஒன்று, தமிழர் செறிந்த தெருவை விட்டு, சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊருக்குச் செல்லும்போது, வீட்டு முதியோர் அஞ்சுவதுண்டு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களைக் கண்டவர்கள் அவர்கள். 1983 ஜூலையில் வீடிழந்து அகதிமுகாமில் இருந்தவரிடம் 'அது பழங்கதை' என்று சொல்லுதல் அறிவன்று, அன்புமன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், பின்னர் தெகிவளையிலும் வத்தளையிலும் தமிழர் சேர்ந்து குடியேறியதற்குக் கடையும் கோயிலும் மட்டும் காரணமல்ல. தனித்திராமை தரும் நெஞ்சுரமும் காரணமாகும். அவ்வச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே ஊர் தெரிதல் வேண்டும். அதே வேளை, அந்நாள்களில் பல தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டினுள் மறைத்துக் காத்தவர்கள் அடுத்த வீட்டுச் சிங்கள மக்களே என்பதும் அதே முதியோர் வாயால் அறியப்படும் உண்மை. ஆகவே அயல் என்பது சாதி மத மொழி எண்ணிக்கை மாத்திரம் அன்று. முகமறிந்த உறவே அயல். குடிபுகுந்த முதல் வாரத்திலேயே இருபுறத்து வீட்டாரையும் எதிர்வீட்டாரையும் கண்டு பேசுதல், பொங்கலுக்குப் பொங்கலும் தீபாவளிக்குப் பலகாரமும் கொடுத்து, அவர்கள் புத்தாண்டுக்கு அனுப்பும் கிரிபத்தையும் கொக்கிஸையும் பெற்றுக்கொள்ளுதல் ஆகியன எந்த மதிலிலும் உறுதியான காவல்.

இதற்கு மொழியும் உதவும். 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. எனினும் பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் தமிழில் கருமமாற்றுவோர் உளரா என்பதை நேரிற் கண்டறிவது நல்லது. பிள்ளைகள் தெருவிலே சிங்களம் பேசப் பழகுவர். அது அவர்களுக்கு ஊதியமே. வீட்டிலே தமிழ் தளராதபடி பார்த்துக்கொள்வது பெற்றோர் கடன்.

முதியோரின் நாளைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும். பிள்ளைகள் கந்தோருக்கும் பேரர்கள் பாடசாலைக்கும் சென்றபின், பகல் முழுவதும் அவ்வூரில் வாழ்பவர் பாட்டியும் பாட்டனுமே. நடந்து செல்லக்கூடிய தூரத்தில் கோயிலோ தேவாலயமோ உண்டா? இரத்மலானையில் திருநந்தீஸ்வரம், தெகிவளை நெடிமாலையில் விஷ்ணு ஆலயம், ராகமை தேவத்தையில் மாதா பேராலயம் என ஊர்தோறும் சில உள்ளன. தமிழ் பேசி இரண்டு வார்த்தை பரிமாற ஓர் ஆள் உண்டா? ஒடியல் மாவும் நல்லெண்ணெயும் முருங்கைக்காயும் வாங்க வெள்ளவத்தைக்கே போகவேண்டுமா? இவை சிறு வினாக்கள் போலத் தோன்றும். ஆனால் ஊர் மாறிய முதியோர் ஆறு மாதத்தில் வாடிப்போவது பெரும்பாலும் இச்சிறு விடயங்களினாலேயே. வைத்தியசாலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தெற்கே களுபோவிலை, வடக்கே ராகமை ஆகிய இடங்களில் பெரிய போதனா வைத்தியசாலைகள் உள்ளன. நோயாளியை நள்ளிரவில் அங்குக் கொண்டு சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்னரே அறிந்து வைத்தல் நல்லது.

செலவைக் கணக்கிடும்போது வாடகையை மட்டும் ஒப்பிடுதல் கூடாது. வாடகையிலே மாதம் 30,000 ரூபா குறைகின்றது என்று வைத்துக்கொண்டால், அதனின்று இருவர் பயணச் செலவு, பாடசாலை வான், தனியார் வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் முச்சக்கர வண்டி, இரவில் பிந்தினால் வாடகை வாகனம், மாதம் இருமுறை உறவினர் வீடு செல்லும் செலவு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தல் வேண்டும். மிஞ்சுவது 5,000 ரூபாவெனின், அதற்காகப் பதினைந்து முழு நாள்களை விற்றல் தகுமா என்பது தானே விளங்கும். அரசாங்க உத்தியோகத்தர்க்குச் சலுகை விலையில் புகையிரதப் பருவச்சீட்டு உண்டாதலின், அவர்தம் கணக்கு வேறாயிருக்கும்.

இவற்றால் ஒன்று தெளிவாகின்றது. எல்லோர்க்கும் ஏற்ற புறநகர் என்று ஒன்று இல்லை. கோட்டையிலோ மருதானையிலோ வேலை செய்து, வடக்கோடு நெருங்கிய தொடர்பு வைத்திருக்கும் குடும்பத்துக்கு வத்தளை, கந்தானை, ராகமைத் திசை பொருந்தலாம். வெள்ளப்பெருக்கும் பாடசாலையும் அங்கே ஆராயப்பட வேண்டியவை. காலி வீதியை ஒட்டி வேலையும் பாடசாலையும் உடையோர்க்குத் தெகிவளை முதல் இரத்மலானை வரை பொருந்தும். விலையே அங்குத் தடை. பத்தரமுல்லையில் உத்தியோகமும், கைக்குழந்தையும், சொந்த வாகனமும் உடைய இளங்குடும்பம் கிழக்கு நோக்கிச் செல்லலாம். ஐந்தாண்டின் பின் வரும் பாடசாலை வினாவை அன்றே எண்ணிக்கொள்ளல் வேண்டும். ஓய்வு பெற்று, நாள்தோறும் நகருக்கு வரும் தேவையற்ற தம்பதியர்க்கு நீர்கொழும்பு போன்ற தன்னிறைவுள்ள பழம்பட்டினமே பொருந்தும். தமிழும் சிங்களமும் அங்குக் கடற்கரை ஊர்களில் நெடுங்காலம் ஒருங்கே வழங்கி வந்துள்ளன.

முடிவு செய்யுமுன் வீட்டார் அனைவரும் ஓர் இரவு ஒருங்கிருந்து, ஒரு கொப்பியை எடுத்து, பயணம், பாடசாலை, நீர், நிலம், அயல், வைத்தியம், செலவு என்று ஏழு தலைப்பிட்டு, பார்த்த ஊர்கள் ஒவ்வொன்றையும் அவற்றின் கீழ் எழுதுதல் நன்று. தந்தை ஒருவரே தீர்மானித்த வீட்டில் குறை தோன்றும்போது பழி ஒருவர்மேல் விழும். எல்லோரும் கூடித் தெரிந்த ஊரில் குறை தோன்றும்போது அதனை எல்லோரும் கூடித் தாங்குவர். பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அக்கொப்பியில் ஒரு வரி எழுத இடமிருத்தல் வேண்டும். அவ்வாறு எழுதிப் பார்த்தபின், இருக்கும் ஊரே மேல் என்று தோன்றினால், வாடகை சற்று மிகுதியாயினும் அங்கேயே இருந்துவிடுவதும் நல்ல தீர்மானமே.